உலக வரலாற்று மாநாட்டுக்குப் போகிறீர்களா? சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி (ஆய்வு மாணவி): நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைப் பற்றி ஆய்வு செய்கிறேன். ஓர் ஊரின் கதை உலக வரலாற்று மாநாட்டில் எடுபடுமா?

பதில்: ஊருக்குள்ளேயே நின்றுவிடாமல் எழுதினால் நன்றாகவே எடுபடும். சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மன்னன் எழுப்பிய பௌத்த விகாரம் அது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தவன் சைவனான முதலாம் ராஜராஜன். அவன் மகன் ராஜேந்திரனோ 1025-இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படையை அனுப்பினான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் பிறகு ஹாலந்தின் லெய்டன் நகருக்குப் போய், 'லெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றுவிட்டன. இத்தனை கடல் கடந்த கதையை வைத்துக்கொண்டு, பலர் "சோழர் காலக் கட்டடக் கலை" என்று ஆய்வுச் சுருக்கத்தைத் தொடங்குகிறார்கள். உங்கள் அமர்வில் பக்கத்து நாற்காலிக்காரர் பெருவின் வெள்ளிச் சுரங்கங்களைப் பற்றிப் பேச வந்தவராக இருப்பார். அவருக்குச் சோழர் யாரென்றே தெரியாது. கொடுத்த கையும் படையெடுத்த கையும் ஏன் ஒரே குடும்பத்துக் கைகள் என்ற கேள்வி அவருக்கும் புரியும். அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: எந்த மாநாட்டுக்கு விண்ணப்பிப்பது?

பதில்: 1982-இல் தொடங்கிய உலக வரலாற்றுச் சங்கம் ஆண்டுதோறும் கூடுகிறது. உலகப் பொருளாதார வரலாற்று மாநாடு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை கூடும் பன்னாட்டு வரலாற்று அறிவியல் மாநாடு 1900-இல் பாரிசில் தொடங்கியது. அது ஆசியாவுக்கு வந்தது 2015-இல்தான், சீனாவின் ஜினானுக்கு. உலக வரலாறு ஆசியாவுக்கு வந்து சேர 115 ஆண்டுகள்! முதல் கட்டுரை என்றால் இந்திய வரலாற்றுப் பேரவையையே சொல்வேன். பிற நாடுகளின் வரலாற்றுக்கென்று அங்கே தனிப் பிரிவே இருக்கிறது. பயணத்துக்கும் ரயில் டிக்கெட்டே போதும்.

கேள்வி: இருபது நிமிடத்துக்கு எத்தனை பக்கம்?

பதில்: ஆங்கிலத்தில் 2,400 சொற்களுக்கு மேல் வேண்டாம். என் முதல் மாநாட்டில் இருபத்திரண்டு பக்கங்களோடு மேடை ஏறினேன். பதினோராம் பக்கத்தில் 'நேரம் முடிந்தது' என்று அமர்வுத் தலைவர் துண்டுச்சீட்டை நீட்டினார். என் முடிவுரை இன்றுவரை யார் காதிலும் விழவில்லை. வீட்டில் கடிகாரத்தை எதிரே வைத்து, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: கேள்வி கேட்பதாகச் சொல்லி ஒருவர் சொற்பொழிவே ஆற்றினால்?

பதில்: நன்றி சொல்லிவிட்டு, அதில் உங்களுக்குப் பிடித்த ஒரு துண்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: விசா?

பதில்: கட்டுரை ஏற்கப்பட்ட மின்னஞ்சல் போதாது. மாநாட்டு அமைப்பின் பெயரும் முகவரியும் அச்சிட்ட தாளில் அழைப்புக் கடிதம் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): கட்டுரை எதுவும் இல்லை. கேட்க மட்டும் வரலாமா?

பதில்: பெரும்பாலான மாநாடுகளில் பதிவுக் கட்டணம் செலுத்தினால் வரலாம். ஒரே நேரத்தில் பல அமர்வுகள் நடக்கும், எல்லாவற்றுக்கும் ஓடாதீர்கள். தேநீர் இடைவேளையை மட்டும் விட்டுவிடாதீர்கள், மேடையில் சொல்லத் தயங்கியதை அங்கேதான் சொல்வார்கள். புத்தகக் கடைகளுக்குக் கடைசி நாள் மதியம் போங்கள். திருப்பிச் சுமக்க மனமில்லாமல் விலையைக் குறைப்பவர்கள் உண்டு. பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.