பிட்டு, பிபி சார்ட், மன்னிப்புக் கடிதம்

இந்த மாதம் சட்ட ஆலோசனை கேட்டு வந்த கடிதங்களில் மூன்று, நர்ஸிங் படிக்கும் பெண்களைப் பற்றியவை. ஊர், கல்லூரி, பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் வெளியிடுகிறேன். படிப்பு முடியாத பிள்ளைகள், யார் கண்ணிலும் பட வேண்டாம்.

கேள்வி: மேடம், தென்மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்ஸிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்தாம் செமஸ்டர் தேர்வில் பறக்கும் படை வந்தபோது என் பெஞ்சுக்கு அடியில் மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்கள். அது என்னுடையது இல்லை, எழுத்தும் என்னுடையது இல்லை. விடைத்தாளை வாங்கிக்கொண்டு ஆபீஸுக்குக் கூட்டிப்போனார்கள். "மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடு, காலேஜுக்குள்ளேயே முடித்துவிடலாம்" என்றார் டியூட்டர். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இப்போது ரிசல்ட்டை நிறுத்திவிட்டார்கள். விசாரணைக்குச் சென்னை வரச்சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அப்பா தறி ஓட்டுகிறார், வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்வது?

பதில்: இப்படி வருகிற ஃபைல்களில் பெரும்பாலும் முதல் தாளே இந்த மன்னிப்புக் கடிதம்தான். எழுதச் சொன்னவர் நல்லெண்ணத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத் தேர்வில் பிடித்த விவகாரத்தை முடித்துவைக்கக் கல்லூரிக்கு அதிகாரம் கிடையாது. தேர்வு நடத்துவது கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். கண்காணிப்பாளர் அறிக்கை, காகிதம், விடைத்தாள் இவற்றோடு உங்கள் கடிதமும் அங்கே போய்விடும். "தெரியாமல் கொண்டுவந்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று நீங்கள் எழுதியிருந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஒப்புதல் வாக்குமூலம். அதற்கப்புறம் காகிதத்தில் யார் எழுத்து என்று எவரும் பார்க்க மாட்டார்கள்.

சரி, எழுதியாயிற்று. இனி செய்ய வேண்டியது, விசாரணைத் தேதிக்கு முன்பே தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ஒரு விளக்கம் அனுப்புவது. அந்தக் கடிதம் எந்த அறையில், யார் முன்னால், யார் வாசகம் சொல்ல எழுதப்பட்டது, செல்போன் கையில் இருந்ததா, வீட்டுக்குப் பேச விட்டார்களா என்று நடந்தது நடந்தபடி எழுதுங்கள். "மிரட்டினார்கள்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்தால் பயனில்லை. ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையுடன் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் போடுங்கள்.

அதே கடிதத்தில் நகல்கள் கேளுங்கள். அந்தக் காகிதம், கண்காணிப்பாளரும் பறக்கும் படையும் எழுதிய அறிக்கை, அன்றைய இருக்கை வரைபடம், சிசிடிவி பதிவு. சிசிடிவிதான் அவசரம். பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும், எனவே அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கல்லூரி முதல்வருக்கும் இன்றைக்கே தனியாக எழுதுங்கள். நகல் கையில் கிடைத்ததும் பார்க்க வேண்டியவை: காகிதத்தில் இருப்பது அன்றைய பாடம்தானா, அதிலிருந்து ஒரு வரியாவது உங்கள் விடைத்தாளில் இருக்கிறதா, அறிக்கையில் "மாணவியிடமிருந்து" என்று இருக்கிறதா, "தரையிலிருந்து" என்று இருக்கிறதா. காலையில் வேறு வகுப்பு தேர்வெழுதிய அறையாக இருந்தால் அதையும் எழுதுங்கள். நான் வாதாடினால் அந்தத் தரையில்தான் ஆரம்பிப்பேன்.

உங்கள் தரப்பைக் கேட்காமல் தண்டிக்க முடியாது. 1954-இல் இன்டர்மீடியட் தேர்வெழுதிய உத்தரப்பிரதேச மாணவர்கள் மூன்று பேரின் ரிசல்ட்டை, ஒரு வார்த்தை கேட்காமல் அந்த மாநிலத் தேர்வு வாரியம் ரத்து செய்தது. அந்தக் கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் எழுதியிருக்காவிட்டாலும் மாணவர் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும் என்றது. ஆனால் ஒரு தேர்வு மையமே மொத்தமாகக் காப்பியடித்தால் தனித்தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்று 1970-இல் பீகார் வழக்கொன்றில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுடையது தனி ஆள் விவகாரம், 1962 தீர்ப்பு உங்கள் பக்கம். கேட்டபிறகு எந்த அளவுக்கு நிரூபணம் வேண்டும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குற்ற வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினாலே போதும். அதனால் ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். போகாதவர்களுக்கு ரிட்டில், அதாவது ஆணையை எதிர்த்து ஹைகோர்ட்டில் போடும் மனுவில், அனுதாபம் கிடைப்பது அரிது.

இம்மாதிரி விசாரணைகளில் வக்கீலைப் பொதுவாக உள்ளே விட மாட்டார்கள். வக்கீல் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்: இரண்டு பக்க விளக்கம், இணைப்புகள், உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு முத்திரை. வசதியில்லை என்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண் என்ற ஒரே காரணத்துக்காக உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் அப்படியே. மற்ற பையன்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். ஆதார் நகலும் பல்கலைக்கழகக் கடிதமும் கொண்டுபோனால் மனு வாங்கிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் மட்டம் என்று ஒரு நினைப்பு நம் ஊரில் இருக்கிறது. இலவச வக்கீல்கள் பட்டியலில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

விசாரணை முடிந்து ஆணை பாதகமாக வந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாம். பல்கலைக்கழகம் சென்னையில் இருந்தாலும் தேர்வு நடந்தது இங்கேதானே. அடுத்த செமஸ்டர் தேர்வு அதற்குள் வந்துவிட்டால், எழுத அனுமதித்து, ரிசல்ட்டை மட்டும் வழக்கு முடிவுக்குக் கட்டுப்பட்டதாக வைக்கச் சொல்லி இடைக்கால ஆணை கேட்கலாம்.

ஒன்றைக் கேட்டுவிடுகிறேன், கோபப்பட வேண்டாம். அந்தக் காகிதம் உண்மையிலேயே உங்களுடையது என்றால் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், அவர் வெளியே சொல்ல மாட்டார். அப்போது வாதம் வேறு: முதல் தடவை, விடைத்தாளில் பயன்படுத்தவில்லை, அந்த ஒரு தாளை ரத்து செய்தால் போதும், அடுத்தடுத்த தேர்வுகளை எழுதவிடாமல் டிபார் செய்ய வேண்டாம் என்று கேட்போம். எழுத்து உங்களுடையதாக இருக்கும்போது இல்லவே இல்லை என்று சாதித்தால் இந்த வாதமும் கைநழுவிவிடும்.

கேள்வி: நான் இறுதியாண்டு மாணவி. அரசு மருத்துவமனையில் கிளினிக்கல் போஸ்டிங். நைட் ட்யூட்டியில் சில நோயாளிகளுக்கு பிபி பார்க்காமலே சார்ட்டில் எழுதினேன் என்றும், லாக் புக்கில் வார்டு சிஸ்டர் கையெழுத்தை நானே போட்டேன் என்றும் புகார். "இனி காலேஜுக்கு வராதே" என்று வாயால் சொல்லிவிட்டார்கள். டிசி வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். மீதி ஃபீஸைக் கட்டினால்தான் பிளஸ் டூ மார்க் ஷீட்டைத் தருவார்களாம்.

பதில்: செய்தீர்களா இல்லையா என்று கடிதத்தில் எங்குமே இல்லை. வார்டில் இருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஒரு சிஸ்டரும் நாலு மாணவிகளும் எப்படிப் போதும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பார்க்காத பிபியைப் பார்த்ததாக எழுதினால் அடுத்த ஷிஃப்ட் டாக்டர் அதை நம்பித்தான் மருந்து எழுதுவார். அந்தக் குற்றச்சாட்டில் என் அனுதாபம் பாதிதான். கையெழுத்து விஷயம் இன்னும் கனமானது, போலீசுக்குப் போனால் போலி ஆவணம் என்று எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டையும் ஒரே பதிலில் குழப்பாதீர்கள். எழுத்துமூலமாகக் குற்றச்சாட்டு வராமல் எதற்கும் பதில் எழுதாதீர்கள்.

முதலில் உங்களை வாய்வார்த்தையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். "இந்தத் தேதியிலிருந்து என்னை வகுப்புக்கும் வார்டுக்கும் அனுமதிக்கவில்லை, இது சஸ்பென்ஷன் என்றால் காரணத்துடன் ஆணை தரவும்" என்று முதல்வருக்கு ஸ்பீட் போஸ்ட், நகல் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு. உங்கள் படிப்பில் இது உயிர்போகிற விஷயம். இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி தேர்வெழுதத் தியரியிலும் பிராக்டிக்கலிலும் 80 சதவீத வருகை வேண்டும், பட்டம் வாங்குவதற்குள் பிராக்டிக்கல் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். விசாரணையே நடத்தாமல் இழுத்தடித்தால் வருகைக் குறைவு ஒன்றே உங்களை வெளியேற்றிவிடும்.

டிசி மனு எழுதித் தராதீர்கள். அதில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று ஒரு வரி இருக்கும். அதன்பின் உங்களை யாரும் நீக்கவில்லை, நீங்களே போனதாக ஆகிவிடும்.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது, ஃபீஸ் பாக்கிக்காகச் சான்றிதழை அடகுபோல் வைத்திருக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதுங்கள். 2023 யுஜிசி விதிமுறைப்படி அதற்கு மேல் பல்கலைக்கழக அளவில் ஓம்பட்ஸ்பெர்சன் என்ற குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

விசாரணை வைத்தால் வார்டு சிஸ்டரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று கேளுங்கள், ஆனால் அது கிடைத்தே தீரும் என்று நம்பாதீர்கள். ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கவில்லை. அன்றைய ட்யூட்டி ரோஸ்டர், சார்ட், லாக் புக் பக்கம் இவற்றின் நகல் அதைவிட உபயோகம்.

கேள்வி: மகள் நர்ஸிங் தேர்வில் காப்பியடித்ததாகப் புகார். 2024-இல் வந்த புதுச் சட்டத்தில் ஜெயில் என்கிறார்களே? பின்னால் வெளிநாட்டு வேலைக்குத் தடை வருமா? கிண்டியில் ஆள் தெரியும் என்று ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார்.

பதில்: ஐயா, அந்த 2024 சட்டம் யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கித் தேர்வுகள், நீட் நடத்தும் என்டிஏ போன்றவற்றுக்கு. வினாத்தாளை வெளியே விடும் கும்பல்களுக்காக வந்தது. பல்கலைக்கழக செமஸ்டர் தேர்வு அதில் வராது. மகளைப் பற்றி அந்தப் பயம் வேண்டாம்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை, பிரிட்டன் மாதிரி நாடுகளில் நர்ஸாகப் பதியும்போது நன்னடத்தை பற்றி உறுதிமொழி கேட்பார்கள். மாணவப் பருவத்து ஒழுங்கு நடவடிக்கை பற்றி நேரடியாகக் கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். மறைத்தது தெரிந்தால் பழைய பிட்டைவிட அது பெரிய சிக்கலாகிவிடும்.

அந்த 60,000-ஐக் கொடுக்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்தியதால் கொடுத்தேன் என்பவர் 7 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். அந்த ஆள் இதுவரை அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட ஊழல் தடுப்புப் போலீஸ் அலுவலகத்துக்குப் போங்கள். மகளின் விளக்கக் கடிதத்துக்கு முதல் கடிதத்துக்கான பதிலையே பின்பற்றலாம்.