புளூயி மாதிரியே நாய்க்குட்டி வேண்டுமாம், வாங்கலாமா?

கேள்வி: "டாக்டர், என் மகளுக்கு 5 வயது. பாலர் பள்ளி விட்டு வந்ததும் டிஸ்னி பிளஸில் புளூயி என்ற நாய்க்குட்டிக் கார்ட்டூன்தான். பிறந்தநாளுக்கு வேறெதுவும் வேண்டாம், புளூயி வேண்டும் என்று ஒரே அழுகை. அவள் அப்பா இணையத்தில் தேடி, அதே ரகக் குட்டி விற்கிற ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார், இன்னும் பணம் கட்டவில்லை. நாங்கள் செந்தூலில் ஒரு கொண்டோவில் 11ஆவது மாடியில் இருக்கிறோம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், பகலில் மாமியார்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள், சகோதரி. பணம் கட்டவில்லை என்பதே பெரிய நிம்மதி, அதை அப்படியே நிறுத்தி வையுங்கள். நாய் வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நாயோடு வளர்கிற பிள்ளைகள் எவ்வளவு பரிவோடு வளர்கிறார்கள் என்பதை என் கால்நடைக் கிளினிக்கில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் இந்த ரகம், 11ஆவது மாடி, 5 வயதுப் பிள்ளை, பகலில் வீட்டில் ஒரு பெரியவர் மட்டும் என்று நான்கும் ஒன்று சேரும்போது கஷ்டப்படப்போவது அந்தக் குட்டியும் உங்கள் மாமியாரும்தான்.

முதலில் உங்கள் மகள் என்ன கேட்கிறாள் என்று பார்ப்போம். புளூயி தொடர் 2018 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. உருவாக்கியவர் ஜோ பிரம், தயாரிப்பது பிரிஸ்பேன் நகரத்தில் இருக்கும் லூடோ ஸ்டூடியோ. தன் இரண்டு மகள்கள் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் அவர் இந்தக் கதைகளைப் பின்னினார். தொடர் தொடங்கும்போது புளூயிக்கு 6 வயது, தங்கை பிங்கோவுக்கு 4. அப்பா பேண்டிட் தொல்லியல் ஆய்வாளர், அம்மா சில்லிக்கு விமான நிலையப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. ஓர் அத்தியாயம் ஏறத்தாழ 7 நிமிடம், அதில் பெரும்பாலும் நடப்பது ஒரே விஷயம்: பிள்ளைகள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள், அப்பாவும் அம்மாவும் மறுக்காமல் அதற்குள் இறங்கிவிடுகிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் யாருடைய கழுத்திலும் வார் கிடையாது. புளூயி மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், பள்ளிக்குப் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள், கோபித்துக்கொண்டு பிறகு மன்னிப்பும் கேட்கிறாள். நாய்த் தோல் போர்த்திய ஒரு துறுதுறுப்பான சிறுமி அவள். உங்கள் மகள் திரையில் பார்ப்பது கிட்டத்தட்ட தன்னைத்தான், கூடவே தரையில் புரண்டு விளையாடுகிற ஓர் அப்பாவையும். கடையில் வாங்கி வருகிற குட்டியால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. முதல் நாள் அது தரையில் சிறுநீர் கழிக்கும், பொம்மையைக் கடித்துக் குதறும், அவள் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டு வாரத்தில் "இது புளூயி இல்லை" என்று அவளே சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு அந்த உயிர் எங்கே போகும்? விலங்குக் காப்பகங்களில் இருக்கும் நாய்களில் எத்தனையோ இப்படி ஓர் ஆசையில் வாங்கப்பட்டவைதான்.

அடுத்து ரகம். விற்பவர் உங்களிடம் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புளூயியின் ரகம் புளூ ஹீலர். அப்படி நாம் சொல்வது ஆஸ்திரேலியன் கேட்டில் டாக், அதாவது மாடு மேய்க்கும் நாய். 19ஆம் நூற்றாண்டில் நியூ சவுத் வேல்ஸ் பண்ணைக்காரர்கள் காட்டு மாடுகளை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிப்போக வேண்டியிருந்தது, அதற்காக மேய்ச்சல் நாய்களையும் அங்குள்ள டிங்கோ காட்டுநாய்களையும் கலந்து உருவாக்கினார்கள். நகராத மாட்டின் பின்னங்காலில் குதிகாலைக் கவ்வி, மாடு உதைப்பதற்குள் தரையோடு தரையாகப் பதுங்கிக்கொள்வதுதான் இதன் தொழில். ஹீலர் என்ற பெயரே அங்கிருந்து வந்தது. அந்தக் குணம் ரத்தத்தில் இருக்கிறது, பயிற்சியால் அடக்கலாம், அழிக்க முடியாது. ஹாலில் கத்திக்கொண்டு ஓடுகிற 5 வயதுப் பிள்ளை அந்த நாய்க்கு எப்படித் தெரியும்? மந்தையை விட்டுப் பிரிந்து ஓடுகிற கன்றுக்குட்டியாகத்தான். ஓடிப்போய்க் குதிகாலைக் கவ்வும். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஆனால் வலிக்கும், பிள்ளை அலறும், அலறல் கேட்டு நாய்க்கு இன்னும் வேகம் பிடிக்கும்.

வளர்ந்தால் 15 முதல் 22 கிலோ, முழுக்கத் தசை. அப்புறம் மூளை. இந்த ரகத்துக்கு நாள் முழுக்க ஏதாவது வேலை வேண்டும். காலையும் மாலையும் நன்றாக ஓடவிட்டு, நடுவில் தலைக்கு வேலை தருகிற பயிற்சியும் கொடுத்தால்தான் வீட்டுக்குள் அமைதியாக இருக்கும். கொடுக்காவிட்டால் சோபாவைப் பிரிக்கும், கதவைச் சுரண்டும், லிப்ட் திறக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் குரைக்கும். உங்கள் மாமியார் இதைப் பகல் முழுக்கச் சமாளிப்பாரா என்று அவரையே கேளுங்கள். பல வீடுகளில் இந்தக் கேள்வியைப் பாட்டியிடம் கேட்பதே இல்லை, ஆனால் நாயைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வருவது கடைசியில் பாட்டிதான்.

"ஆஸ்திரேலியாவிலும் வெயில்தானே" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கலாம். அந்த உள்நாட்டு வெயில் வறண்டது. இங்கே பகலில் 32, 33 டிகிரியோடு காற்றில் ஈரமும் சேர்ந்திருக்கும். நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது, காற்று ஈரமாக இருந்தால் அது சரியாக நடக்காது. அதனால் ஓட்டம் எல்லாம் விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும்தான். தார்ச் சாலையில் புறங்கையை வைத்து 7 விநாடி தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. வேலைக்குப் போகிற நீங்கள் இருவரும் விடியற்காலை 5:30 மணிக்கு எழுந்து இதைத் தினமும் செய்யத் தயாரா?

கொண்டோ விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக ஒழுங்குமுறைகளில், மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொந்தரவாகவோ ஆபத்தாகவோ இருக்கக்கூடிய விலங்கை வைத்திருக்கக் கூடாது என்று தெளிவாக விதி இருக்கிறது. மீறினால் நிர்வாகம் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கும், கிடைத்த 3 நாளில் விலங்கை அப்புறப்படுத்த வேண்டும். இதற்கு மேல் ஒவ்வொரு கொண்டோவும் தனியாக விதி போட்டிருக்கும், பல இடங்களில் நாய்க்கு முழுத் தடை. ஆகவே நிர்வாக அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், வாசல் காவலாளி "பரவாயில்லை" என்று சொன்னதை நம்பி இறங்காதீர்கள். கோலாலம்பூரில் நாய்க்கு டிபிகேஎல், அதாவது மாநகர மன்றத்தின் உரிமமும் எடுக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் மாடியில் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கலாம். நாயின் எச்சில் பட்டால் அவர்களுக்குத் தனியாகச் சுத்தம் செய்யும் முறை உண்டு, குறுகிய லிப்டில் நாயோடு நிற்பது அவர்களுக்கு உண்மையான சங்கடம். நல்ல அக்கம்பக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நாய் வளர்ப்பதில் மகிழ்ச்சி இருக்காது.

இப்போது நாய் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று. கார்ட்டூன் பார்த்து வளர்கிற பிள்ளை நிஜ நாயைத் தப்பாகப் படிக்கும். திரையில் நாய் பல்லைக் காட்டினால் சிரிப்பு, கட்டிப்பிடித்தால் சந்தோஷம். தெருவில் பல்லைக் காட்டுகிற நாய் எச்சரிக்கிறது. கட்டிப்பிடிப்பதைப் பல நாய்கள் அன்பாக எடுத்துக்கொள்வதில்லை, அசையவிடாமல் பிடித்துவிட்டார்கள் என்றுதான் உணர்கின்றன, அப்போது பிள்ளையின் முகமோ நாயின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு முகத்திலும் கழுத்திலும் கடி விழுவது இதனால்தான். கடிக்கும் முன் நாய் நிறையச் சொல்லும்: தலையைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும், உடம்பு விறைக்கும். உறுமல் அதற்குப் பிறகுதான் வரும். புளூயி பார்க்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொடுங்கள். "புளூயிக்குப் பேச்சு வரும், நிஜ நாய்க்கு வராது, அது உடம்பால்தான் பேசும்" என்றால் 5 வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

தாமானில் தெருநாய் நெருங்கி வந்தால் ஓடக் கூடாது, மரம் மாதிரி நிற்க வேண்டும், கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, கண் தன் பாதத்தைப் பார்க்க வேண்டும். இதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள், அப்பா நாயாக நடிக்கட்டும். தவறிக் கடித்துவிட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களிலும் 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது, மஞ்சள் தடவிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

சரி, பிறந்தநாள். "நாய் வாங்கித் தரமாட்டோம்" என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்கு அது வெறும் மறுப்பு. காரணத்தை நாயின் பக்கம் இருந்து சொல்லுங்கள்: "நம் வீட்டில் அதற்கு ஓட இடம் இல்லை, பகலில் தனியாக அழும், பாவம்." உங்கள் மகள் வயதில் பிள்ளைகளுக்கு இந்தப் பரிவு எளிதாக வரும், பெரியவர்கள் தயங்காமல் நம்பலாம். பிறகு அப்பாவுக்கு ஒரு வேலை. தினமும் வேலை முடிந்து வந்ததும், கைப்பேசியை வைத்துவிட்டு 15 நிமிடம், மகள் சொல்கிற விளையாட்டை மகள் சொல்கிற விதிப்படி விளையாட வேண்டும். பலூன் தரையில் விழாமல் தட்டிக்கொண்டே இருக்கிற விளையாட்டு அந்தத் தொடரிலேயே வருகிறது, 11ஆவது மாடி ஹாலுக்கு அது போதும். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவள் அழுகைக்குள் இருக்கிற ஆசையில் பெரும்பங்கு இதுதான்.

நாய்களையும் சந்திக்கட்டும். அம்பாங்கில் எஸ்பிசிஏ சிலாங்கூர், சுபாங்கில் பாவ்ஸ் என்று விலங்குக் காப்பகங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே அழைத்து, சின்னப் பிள்ளையோடு வரலாமா, எந்த நேரம் வசதி என்று கேட்டுவிட்டுப் போங்கள். பழைய துண்டுகளும் நாய் உணவும் அவள் கையாலேயே கொடுக்கட்டும். நாயின் வாசனை, குரைப்பு, எச்சில் எல்லாம் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியும், உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

நான்கைந்து வருடம் கழித்து, தரை வீட்டுக்கு மாறியும் ஆசை அப்படியே இருந்தால் அப்போது வளர்ந்த ஒரு கம்போங் நாயை, அதாவது உள்ளூர் நாட்டு நாயைத் தத்தெடுங்கள். குட்டி எப்படி வளரும் என்பது யாருக்கும் தெரியாது, இரண்டு மூன்று வயது நாயின் குணம் கண்ணுக்குத் தெரியும், பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கிறதா என்று காப்பகத்தில் இருப்பவர்களே சொல்வார்கள். இந்தச் சூட்டுக்கும் அது பழகியது. ஆனாலும் கொசுவால் பரவும் இதயப்புழு நோய்க்கு மாதாமாதம் மருந்து, உண்ணிக் காய்ச்சலுக்காக உண்ணித் தடுப்பு, தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் தவறாமல் கொடுக்க வேண்டும். நாய் ஒன்று 12 முதல் 15 வருடம் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கேட்டில் டாக் ரகத்தில் புளூயி என்றே பெயர் வைத்த நிஜ நாய் ஒன்று விக்டோரியா மாநிலத்தில் ஆடு மாடு மேய்த்து 29 வருடம் 5 மாதம் வாழ்ந்து 1939இல் இறந்தது, கின்னஸ் பதிவிலும் இடம்பெற்றிருந்தது. அத்தனை வருடம் யார் பார்த்துக்கொள்வது என்பதை வாங்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.

விற்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்டில் டாக் குட்டிகள் பிறக்கும்போது பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும், நீலச் சாம்பல் புள்ளிகள் சில வாரம் கழித்துத்தான் மேலே வரும். பிறந்து சில நாளே ஆன, உடம்பெல்லாம் நீலமாக இருக்கிற குட்டியின் படத்தைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். இந்த ரகத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் பரம்பரைக் கண் நோயும் உண்டு, தாய் நாயைக் காட்டவும் பரிசோதனைச் சான்று தரவும் மறுப்பவரிடம் பேச்சை நீட்டவே வேண்டாம். "இன்னொருவர் கேட்கிறார், இன்றைக்கே முன்பணம் போடுங்கள்" என்று அவர் மறுபடி அழைத்தால், நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வாங்க முடியாது என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டு, அந்தக் குட்டியின் படத்தை மகள் கண்ணில் படுமுன் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள்.