வாங்கும் முன்: கிராபிக்ஸ் கற்க என்னென்ன வேண்டும்?

கே: கிராபிக்ஸ் புரோகிராமிங் கற்க ஆசை. முதலில் எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்குவது?

ப: எதுவும் வேண்டாம். ஐந்தாறு வருடப் பழைய கணினியின் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், ஓபன்ஜிஎல் 3.3-க்குத் தாராளம் (கிராபிக்ஸ் சிப்பை வரையச் சொல்லும் கட்டளைத் தொகுப்புதான் ஓபன்ஜிஎல்). அதுகூட அப்புறம்தான். முதல் படத்தை வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக எழுதலாம். முதல் வரியில் பி3 (P3), அடுத்து அகலமும் உயரமும், பிறகு 255, அதன்பின் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். பிபிஎம் ஃபைலாகச் சேமித்தால் படம் தயார். ஒரு கோளத்தின் மேல் ஒளிக்கதிர் படுகிறதா என்று கணக்குப் போட்டு அந்த எண்களை நிரப்புங்கள். இருபடிச் சமன்பாடு தெரிந்தால் போதும்.

கே: தடிமனான பழைய ஓபன்ஜிஎல் புத்தகம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ப: புரட்டிப் பாருங்கள். முதல் பாடமாக வரும் முக்கோணத்தை ஜிஎல்பிகின் (glBegin), ஜிஎல்எண்ட் (glEnd) என்ற இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே வரைந்தால் வைத்துவிடுங்கள். 2008-இல் காலாவதி என்று அறிவித்து, 2009-இல் 3.1 பதிப்பிலிருந்து தூக்கிவிட்ட முறை அது. புரட்டாமல் அப்படி ஒன்றை வாங்கியவன் நான். கற்றதைவிட, கற்றதை மறக்கத்தான் அதிக நாள் ஆனது.

கே: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் என் புரோகிராம் வேகமாக ஓடுமா?

ப: ஓடாது.

கே: இரண்டு லேப்டாப்பிலும் ஒரே கிராபிக்ஸ் சிப். மலிவானதையே எடுக்கலாம்தானே?

ப: பெயர் ஒன்று என்பதால் சரக்கும் ஒன்று என்று யார் சொன்னது? ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப் சிப்பை 60 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். எல்லாம் லேப்டாப் தயாரிப்பவர் இஷ்டம். ஸ்டிக்கர் மட்டும் ஒன்றேதான். தனிக் கார்டுகளிலும் இதே கதை. 2017-இல் வந்த ஜிடி 1030-இல் ஜிடிடிஆர்5 நினைவகம். நொடிக்கு 48 ஜிபி வேகம். மறுவருடம் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு ஒன்று வந்தது; 17 ஜிபிகூட இல்லை. பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் சிறு புரோகிராமான ஷேடர், பொருள்களின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரைப் படிக்க ஓயாமல் நினைவகத்துக்குப் போய்வர வேண்டும். வாய்க்கால் மூன்றில் ஒன்றாகச் சுருங்கினால் சிப் சும்மா காத்துக்கிடக்கும். பாலில் தண்ணீர் ஊற்றினால் கலப்படம் என்கிறோம். இதற்கு மட்டும் 'புதிய மாடல்' என்று பெயர். என் லேப்டாப்பும் ஸ்டிக்கரை நம்பி வாங்கியதுதான், அதனால்தான் இவ்வளவு எரிச்சல். எத்தனை வாட் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.

கே: ஓபன்ஜிஎல்லுக்குப் பின் வந்த வல்கன் என்ற கட்டளைத் தொகுப்பைக் கற்கப் பயிற்சிக்குப் பணம் கட்டினேன். இரண்டு வாரமாகியும் ஒரு முக்கோணம்கூட வரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

ப: எதைச் சொல்லிக் கேட்பீர்கள்? வல்கனில் முதல் முக்கோணத்துக்கே ஏறக்குறைய ஆயிரம் வரி ஆகும். பாடத்திட்டத்தைப் படிக்காமல் பணம் கட்டியது உங்கள் தவறு. இலவசமாகக் கிடைக்கும், பிரவுசரிலேயே ஓடும் வெப்ஜிஎல் பாடங்களில் தொடங்கியிருக்கலாம்.

கே: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஆன்லைனில் வாங்கினேன். வல்கன் புரோகிராம் எதுவும் ஓடவில்லை. என் தவறா?

ப: இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. ஜிடிஎஸ் 450 போன்ற பழைய கார்டின் பயாஸை, அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை, மாற்றி எழுதி, இந்தப் பெயரில் விற்பது தெரிந்த மோசடி. அந்தத் தலைமுறைச் சிப்புக்கு வல்கன் டிரைவரே கிடையாது. பின்பக்கம் நீல நிற விஜிஏ துளை இருக்கிறதா பாருங்கள். அசல் 1050 டிஐ சிப்பில் அனலாக் வெளியீடு இல்லை. அப்புறம் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் (GPU-Z) என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். போலி என்றால் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுக்கும். அந்தத் திரையையும் விற்பனைப் பக்கத்தையும் இன்றே படமெடுத்து வையுங்கள். விற்பனைப் பக்கம் நாளைக்கே காணாமல் போகலாம். 'விளம்பரத்தில் சொன்ன பொருள் இதுவல்ல' என்று புகார் கொடுங்கள். பயாஸைத் திருத்திப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். தொட்டால் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள்.