பழைய விதை முளைக்குமா? கேள்வி பதில்

மழை விட்டதும் பாத்தி போடக் காத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்த வரையில் பதில் சொல்லியிருக்கிறேன்.

நானுஓயா: ஐயா, இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய லீக்ஸ் விதை அரைப் பக்கட் மிச்சம் இருக்கிறது. போடலாமா?

லீக்ஸ் என்றால் எனக்குப் பயம்தான். லீக்ஸுக்கும் வெங்காயத்துக்கும் ஆயுசு குறைவு. நன்றாக வைத்திருந்தாலே ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. நானும் ஒருமுறை பட்டிருக்கிறேன். பக்கட்டை மடித்து, ரப்பர் வளையம் போட்டு, குசினித் தட்டில் வைத்தேன். ஆனி, ஆடி மழை முழுக்க அது அங்கேயே கிடந்தது. பிறகு விதைத்து மூன்று வாரம் பார்த்தேன், களைதான் வந்தது. விதை விற்றவரிடம் போய்ச் சத்தம் வேறு போட்டேன். அவர்மீது குற்றமே இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

பண்டாரவளை: மற்ற மரக்கறி விதைகள் எத்தனை வருடம் தாங்கும், அண்ணே?

கோவா, முள்ளங்கி, நோக்கோல், பீட்ரூட், பூசணி எல்லாம் 4 வருடம் போகும். தக்காளி, கத்தரி, வெள்ளரி 4 அல்லது 5. போஞ்சியும் கரட்டும் 3. கறிமிளகாய் 2 அல்லது 3. வெண்டி 2தான். காய்ந்து, இறுக மூடி வைத்த விதைக்குத்தான் இந்தக் கணக்கு.

நுவரெலியா: எங்கள் ஊரே பிரிட்ஜ் மாதிரி. இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும்?

எல்லாரும் தவறுவது இங்கேதான். நுவரெலியாவின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 பாகை. குளிர் விதைக்கு நல்லதுதான், ஆனால் நம் குளிரோடு மூடுபனியும் சேர்ந்து வருகிறதே! அப்பளத்தை ஒரு மழைநாள் வெளியில் வைத்துப் பாருங்கள், மாலைக்குள் துணி மாதிரி துவண்டுவிடும். விதையும் அப்படித்தான் காற்றிலிருந்து ஈரம் குடிக்கிறது. விதைக்காரர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரம் 1 வீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் 5 பாகை குறைந்தாலும் அப்படியே. தோராயம்தான், ஆனால் முதலில் காயவைக்க வேண்டும், குளிர் அப்புறம்.

நான் செய்வது இது. ஒரு பிடி அரிசியை வெறும் சட்டியில் நன்றாக வறுத்து, ஆறவிட்டு, கண்ணாடிப் போத்தலின் அடியில் போடுவேன். விதையைக் காகிதத்தில் மடித்து மேலே வைத்து மூடியை இறுக்கிவிடுவேன். பால்மா டின்னும் ஆகும், ஆனால் பிளாஸ்டிக் மூடி காற்றை அவ்வளவாக அடைக்காது.

ஹட்டன்: பாட்டி சோளனை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார். தக்காளி விதையையும் அப்படி வைக்கலாமா?

பாட்டி செய்தது சரிதான். புகைக்கு வண்டு வராது, காற்றும் காய்ந்திருக்கும். ஆனால் அவர் சோளனை மடலோடு உயரத்தில் கட்டியிருப்பார். தக்காளி விதை சின்னது, 35 பாகைக்கு மேல் போனால் ஆபத்து. சதையோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவி, பீங்கான் தட்டில் நிழலில் காயவையுங்கள். கடதாசியில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

வெலிமடை: பிரிட்ஜில் வைத்த விதை ஏன் கெட்டது?

எடுத்த உடனே போத்தலைத் திறந்தீர்களா? குளிர்ந்த விதையில் வெளிக்காற்று பட்டதும் வியர்க்கும். சில மணி நேரம் மேசையில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

மஸ்கெலியா: போடும் முன் சோதிக்க வழி உண்டா, அண்ணே?

பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அடுப்படி போன்ற இளஞ்சூடான இடத்தில் வையுங்கள். போஞ்சி ஒரு வாரத்தில் தெரியும், கரட், லீக்ஸுக்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். எட்டு முளைத்தால் சந்தேகமே வேண்டாம். ஐந்து என்றால் இரட்டிப்பாக விதையுங்கள். இரண்டு மூன்று என்றால் பாத்தியையும் பசளையையும் வீணாக்காதீர்கள். தண்ணீரில் மிதக்கிறதா, தாழ்கிறதா என்ற சோதனையை மரக்கறி விதைக்கு நான் நம்புவதில்லை.

தலவாக்கலை: தேயிலைக் கொட்டையை அப்படித்தானே பார்ப்பார்கள்?

ஆமாம், தாழ்வதைத்தான் எடுப்பார்கள். வீ.பி. தேயிலை, அதாவது கிளைத் துண்டை நட்டு வளர்க்கும் தேயிலை, வருவதற்கு முன் தோட்டங்களில் அதுதான் வழக்கம். ஆனால் தேயிலைக் கொட்டை வேறு சாதி. காய்ந்தால் செத்துவிடும், போத்தலில் சேமிக்க முடியாது. பலா, மாங்கொட்டையும் அப்படியே. சவ்சவ்வுக்கோ விதையைப் பிரித்தெடுக்கும் வேலையே இல்லை, காய்க்குள்ளேயே முளைக்கும், காயோடு நட வேண்டியதுதான்.

இராகலை: விதைத்தது சாகிறது, களை மட்டும் சாகாதா ஐயா?

அமெரிக்காவில் வில்லியம் பீல் என்பவர் 1879இல் இருபது போத்தல்களில் ஈரமணலோடு விதைகளைப் போட்டுப் புதைத்தார். 2021இலும் ஒரு போத்தலைத் தோண்டி விதைத்துப் பார்த்தார்கள், சில முளைத்தன. அவர் போட்டவை பெரும்பாலும் களை விதைகள்.