கேளுங்க சொல்றோம்: ரெண்டு சேல்ஸ்மேன், ஒரு காடிலாக்

கே: ‘டின் மென்’னு ஒரு பழைய ஹாலிவுட் காமெடி, ரெண்டு சேல்ஸ்மேன் அடிச்சுக்குற கதைன்னு எங்க மாமா சொல்றாரு. பார்க்கலாமா சார்?
– வாசகர், கொளத்தூர்

ப: தாராளமா. 1987-ல பாரி லெவின்சன் எடுத்தது, கதை நடக்கிறது 1963 பால்டிமோர்ல. வீட்டு வெளிச்சுவத்துல அலுமினியத் தகடு அடிச்சுத் தர்றோம்னு வீடு வீடா போய் ஆர்டர் புடிக்கிற ஆளுங்க, அதான் டின். ரிச்சர்ட் டிரைஃபஸ் புது காடிலாக் காரை ஷோரூம்லேர்ந்து ரிவர்ஸ்ல எடுக்க, டேனி டிவிட்டோ வந்து இடிக்க, நம்ம மவுண்ட் ரோட்டுல ரெண்டு ஆட்டோ உரசின மாதிரி ஆரம்பிக்குது, ஆனா நம்மாளுங்க அஞ்சு நிமிஷத்துல திட்டிட்டு கெளம்பிடுவாங்க, இவங்க விடமாட்டேங்குறாங்க.

எனக்கு சண்டைய விட அவங்க ஆர்டர் புடிக்கிற விதம்தான் புடிச்சுது. ‘லைஃப்’ பத்திரிகைக்கு போட்டோ எடுக்க வந்திருக்கோம்னு கேமராவோட ஒரு வீட்டு முன்னாடி நிப்பாங்க. தகடு அடிக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்னு காட்ட உங்க வீடு, அடிச்சதுக்கு அப்புறம்னு காட்ட வேற வீடும்மா. அவ்ளோதான், அந்தம்மாவே ‘ஏன், அந்த இன்னொரு வீடா எங்க வீடு இருக்கக் கூடாதா’ன்னு கெஞ்ச ஆரம்பிச்சிடும். இன்னொரு ட்ரிக், அஞ்சு டாலர் நோட்டை தரையில நைசா போட்டுட்டு, ‘சார் உங்க பணம் விழுந்திடுச்சு’ன்னு எடுத்துக் குடுக்கிறது. இவ்ளோ நாணயமான ஆளான்னு அவன் கையெழுத்து போட்டுடுவான். கில்லாடிப் பசங்க.

கே: பழிவாங்க அடுத்தவன் பொண்டாட்டிய மடக்குறதெல்லாம் காமெடியா?
– வாசகி, பெரம்பூர்

ப: நியாயமான கோவம். டிரைஃபஸ் மடக்குறது டிவிட்டோவோட பொண்டாட்டி நோராவ. அவ பக்கத்துலேர்ந்து கதைய கொஞ்சமாவது சொல்லியிருக்கலாம், அதுல படம் சறுக்குதுதான். ஆனா டிரைஃபஸ் போன் போட்டு பெருமை அடிச்சதும், புருஷன்காரன் ஒரு பொட்டு கண்ணீர் விடாம அவ துணிமணிய தூக்கி வெளிய எறியறான் பாருங்க, சிரிச்சுட்டு அப்புறம்தான் சங்கடமா இருந்துச்சு.

கே: படத்துல நல்லவன் யாரு?
– வாசகர், ராயப்பேட்டை

ப: காடிலாக். அதுக்குதான் வாய் கெடையாது.

கே: நம்ம சீரியல்ல மாமியாரும் மருமகளும் ஒரே வயசா தெரியுறாங்களே?
– வாசகி, மேடவாக்கம்

ப: அந்தப் படத்துலயும் இதே புலம்பல்தாங்க! ‘பொனான்சா’ டிவி தொடர்ல அப்பனுக்கு அம்பது, மூணு புள்ளைங்களுக்கும் நாப்பத்தேழான்னு ஒரு சேல்ஸ்மேன் நொந்துக்குவாரு. நெசமாவே அப்பாவா நடிச்ச லார்ன் கிரீன் 1915-ல பொறந்தவரு, மூத்த மகன்களா வந்த ரெண்டு பேரும் 1928. அவரு பதிமூணு வயசுல தகப்பன் ஆயிருக்கணும்.

கே: எங்க ஃபிளாட்டுக்கு ஒருத்தர் வந்து மெட்ரோ வாட்டர்ல ரெண்டு கம்பிய விட்டு கரண்ட் குடுத்தாரு, தண்ணி சாணிக் கலர்ல ஆயிடுச்சு, அவரு ஆர்.ஓ. தண்ணி அப்படியே இருந்துச்சு. மெஷின் வாங்கிடலாமா?
– வாசகர், வேளச்சேரி

ப: பால்டிமோர் ஆளு வேளச்சேரி வரைக்கும் வந்துட்டாரா! அந்தக் கலர் கம்பியோட இரும்பு கரைஞ்சு வர்ற துரு. தண்ணியில உப்பு இருந்தாதான் கரண்ட் நல்லா பாயும், ஆர்.ஓ. தண்ணியில உப்பு கம்மி, அதனால ஒண்ணும் ஆகாது. டி.டி.எஸ்., அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பெல்லாம் சேர்த்து, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் குடிக்கலாம்னு இந்திய தரநிர்ணயமே சொல்லுது, உங்க தண்ணி அதைத் தாண்டி கரிச்சா மெஷின் வாங்குங்க, துருவைப் பார்த்து வாங்காதீங்க. அடுத்த தடவ வந்தா அவரோட ஆர்.ஓ. டம்ளர்ல ஒரு சிட்டிகை கல்லுப்ப போட்டு கலக்கிட்டு, இப்ப கம்பிய விடுங்க சார்னு சொல்லுங்க. ஏற்கனவே அட்வான்ஸ் குடுத்துட்டு மாட்டிக்கிட்டீங்கன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு அடிங்க, ரசீது கையில இருக்கட்டும்.