பல்லைப் பார்த்து சைக்கிள் வாங்குங்கள்

கேள்வி: வயது 48. வாரக் கடைசியில் ஈசிஆரில் 60, 70 கி.மீ. சைக்கிள் ஓட்டுவேன். பிப்ரவரியில் நண்பர்கள் இருவரோடு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி கோத்தகிரி, ஊட்டி, பைக்காரா ஏரி, அப்படியே கூடலூர் வழியாக மசினகுடிக்கு இறங்கி, கல்லட்டி ஏறி ஊட்டி திரும்புவதாகத் திட்டம். மூன்று நாள். கடையில் 52,000 ரூபாய் ரோடு பைக்கைத்தான் (வளைந்த கைப்பிடி, மெல்லிய டயர் சைக்கிள்) எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு 34,000 ரூபாய் ஹைபிரிட் (நேர் கைப்பிடி, கொஞ்சம் அகல டயர்) மீது ஒரு கண். எதை வாங்கலாம்?
– வாசகர், சென்னை

பதில்: சந்தையில் மாடு பிடிப்பவர் கொம்பையும் நிறத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடமாட்டார், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். மலைக்கு சைக்கிள் வாங்குவதும் அப்படித்தான். முன்னால் பெடலோடு சுற்றும் சக்கரங்களில் சின்னதற்கு எத்தனை பல், பின்சக்கரத்தில் இருப்பதில் பெரியதற்கு எத்தனை பல்? கடையிலேயே குனிந்து எண்ணுங்கள். கையில் கிரீஸ் ஒட்டினால் ஒட்டட்டும்.

நீங்கள் அனுப்பிய விவரப்படி ரோடு பைக்கில் முன்னால் 34, பின்னால் 28. ஹைபிரிட்டில் முன்னால் 28, பின்னால் 34. எண்கள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதானே என்று தோன்றும். ஒரு முறை பெடல் சுற்றினால் முதல் வண்டி சுமார் 2.5 மீட்டர் போகும், இரண்டாவது சுமார் 1.8 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று என்று நிதானமாக மிதித்தாலும் ரோடு பைக்கில் மணிக்கு 9 கி.மீ. வேகம் போயே ஆகவேண்டும். ஹைபிரிட் 6.5 கி.மீ. வேகத்திலும் அதே நிதானத்தில் ஏறும். பையோடு சேர்த்து 95 கிலோ என்று வையுங்கள். எட்டு சதவீத ஏற்றத்தில் 9 கி.மீ. வேகத்துக்கு வேண்டிய பலம், பயிற்சி உள்ளவருக்கே மூச்சு வாங்க வைக்கும். அது இல்லாவிட்டால் சுற்று குறையும், ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நிற்கவேண்டிவரும். 48 வயதில் முதலில் புகார் சொல்வது முட்டிதான்.

ஆகவே என் ஓட்டு ஹைபிரிட்டுக்கு. 18,000 ரூபாய் மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை, விலை திருப்பிப் போட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ரோடு பைக்தான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால், பின்பல்லை 32 அல்லது 34 ஆக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். பின்னால் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கியரின் கை நீளம் போதாவிட்டால் முடியாது. முடியும் என்றால் பில் போடும் முன்பே மாற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஹைபிரிட்டும் இருக்கும், வேண்டாம். தார்ச்சாலை ஏற்றத்தில் அது வெறும் சுமை.

அடுத்தது பிரேக். ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள், இறங்குவதை யாரும் கேட்பதில்லை. சில வருடங்களுக்கு முன் வாடகை சைக்கிள் ஒன்றில் கோத்தகிரியிலிருந்து இறங்கினேன். தூறல். குஞ்சப்பனை வருவதற்குள் கர்ர்ர் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பிரேக் கட்டையில் ரப்பரே இல்லை, உள்ளிருந்த இரும்பு ரிம்மை உரசிக்கொண்டிருந்தது. தொட்ட விரலெல்லாம் கருப்புச் சேறு. மீதி தூரம் தள்ளிக்கொண்டே இறங்கினேன். வாடகைக்குக் கொடுத்தவர், "காலையில நல்லாத்தானே சார் இருந்தது" என்றார். நல்லாத்தான் இருந்திருக்கும், சமதரையில். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாக எடுங்கள். கம்பி இழுக்கும் வகையே போதும், எண்ணெய் வகை கட்டாயமில்லை. ரிம் பிரேக்தான் என்றால் புதுக் கட்டை மாட்டி, கூடுதலாக ஒரு ஜோடி பையில் வையுங்கள். இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வராமல் விட்டுவிட்டுப் பிடியுங்கள், ரிம் சூடேறி டியூப் வெடிப்பதும் உண்டு.

சரி, பாதைக்கு வருவோம். மேட்டுப்பாளையம் – கோத்தகிரி 33 கி.மீ. கடல் மட்டத்திலிருந்து முன்னூற்றுச் சொச்சம் மீட்டரில் தொடங்கி சுமார் 1,800 மீட்டர் வரை ஏறும். முதல் நாளுக்கு இது போதும், அங்கேயே தங்கிவிடுங்கள். இரண்டாம் நாள் கட்டபெட்டு வழியாகத் தொட்டபெட்டா பிரிவு வரை ஏற்றம், அங்கிருந்து ஊட்டிக்கு இறக்கம். மூன்றாம் நாள் கூடலூர் சாலையில் பைக்காரா போய்த் திரும்பினால் 40 கி.மீ. சொச்சம். வழியில் காமராஜ் சாகர் அணை. இந்த மலையில் ஏரி என்று நாம் சொல்வதெல்லாம் மனிதர் கட்டியவைதான். ஊட்டி ஏரியே 1820களில் ஜான் சல்லிவன் வெட்டியது, பைக்காராவும் எமரால்டும் அவலாஞ்சியும் மின்சாரத்துக்காகத் தேக்கியவை. நான்காவது நாள் கிடைத்தால் எமரால்டுக்குப் போங்கள். டீத்தோட்டமும் கேரட் வயலும் நடுவில் தண்ணீருமாக, பைக்காராவின் கூட்டமில்லாமல் இருக்கும்.

மசினகுடியை வெட்டிவிடுங்கள். அது முதுமலைக் காடு. யானை குறுக்கே வந்தால் காரில் இருப்பவர் பின்னால் எடுப்பார், சைக்கிளில் இருப்பவர் என்ன செய்வார்? போதாததற்குக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள், இந்தப் பக்கத்திலேயே செங்குத்தானவை. முதல் பயணத்தில் அது வேண்டாத வீம்பு.

ஈசிஆர் பழக்கத்தை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அங்கே எதிர்க்காற்றுதான் ஒரே மேடு. ஜனவரியிலேயே ஏலகிரிக்கு ஒருநாள் போய் வாருங்கள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 வளைவுகள். முடிந்தால் வாடகைக்கு எடுத்த ஹைபிரிட்டில் ஏறிப் பாருங்கள், பிறகு வாங்குங்கள். ஏனென்றால் வாங்கியபின் "மலை ஏறவில்லை" என்று கடையில் போய் நின்றால் அது குறைபாடு ஆகாது, உங்கள் தேர்வு என்றுதான் சொல்வார்கள். "ஊட்டி ஏற்றத்துக்கு வேண்டும், 28க்கு 34 இருக்கிறதா" என்று வாட்ஸாப்பில் கேட்டு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். உறுதி சொல்லிவிட்டு வேறு வண்டியைக் கொடுத்தால் அப்போது கதை வேறு. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் மட்டும் அந்தப் பொறுப்பு போய்விடாது.

இன்னொன்று, 52,000 அட்டையில் உள்ள எம்ஆர்பி என்றால் அதற்கு மேல் "ஜிஎஸ்டி தனி" கிடையாது. எம்ஆர்பியில் வரி அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொடைக்கானல், பேரிஜம் ஏரி என்று சைக்கிள் சுற்றுலா அழைத்துப்போவதாக ஒருவரிடம் 9,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். ஆள் சேரவில்லை என்று அவரே ரத்து செய்தார். பணம் கேட்டால் "அடுத்த ட்ரிப்பில் கழித்துக்கொள்கிறேன்" என்கிறார்.
– வாசகி, மதுரை

பதில்: ரத்து செய்தது அவர். அடுத்த ட்ரிப் வேண்டுமா என்பதை முடிவுசெய்ய வேண்டியது நீங்கள். பணம் கட்டிய ரசீதையும், ரத்து என்று அவர் அனுப்பிய செய்தியையும் முதலில் பத்திரப்படுத்துங்கள். 15 நாளில் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்கவேண்டும்.

அடுத்த முறை பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி யார் வாங்குவது, கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும்? இதற்கு நேரான பதில் வராத ஆளிடம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஊட்டிக்கு சைக்கிளில் போகவும் இ-பாஸ் வேண்டுமா? தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போவது?
– வாசகர், ஈரோடு

பதில்: 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ், வண்டியின் பதிவு எண்ணை வைத்து எடுப்பது. சைக்கிளுக்கு ஏது பதிவு எண்? ஆனால் சைக்கிளை காரில் கட்டி மேலே கொண்டுபோனால் காருக்கு வேண்டும். தண்ணீருக்கு, கடையில் விற்கும் பிளாஸ்டிக் பாட்டிலைச் செருகிக்கொண்டு போகாதீர்கள், நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். சைக்கிள் ஃப்ரேமில் மாட்டும் பாட்டில் இரண்டு வாங்குங்கள். சாலையோரத் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.