வாடைக்கும் கச்சானுக்கும் நடுவே

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: "வசந்தம் வந்துவிட்டது, தோட்டத்தில் இறங்குங்கள்" என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். உடைமரமும் சீமைக் கருவேலமும் நிற்கும் எங்கள் சீமையில் மழைக்காலம், வெயில்காலம் என்று இரண்டுதானே உண்டு? இல்லாத வசந்தத்தை எங்கே போய்த் தேடுவது?
– வாசகர், சாயல்குடி

பதில்: உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பெரும்பொழுதைப் பிரித்தவர்கள் நம் ராமநாதபுரக் கரையில் ஓர் ஆண்டு குடியிருந்திருந்தால், அதை ஒரு மாதமாவது முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். சித்திரை பிறக்கும்போதே இங்கே மணல் காலைச் சுடத் தொடங்கிவிடுகிறது. ஆனால் வாடைக் காற்று ஓய்ந்து, கச்சான் என்னும் மேல்காற்று இன்னும் எழாமல் இருக்கும் அந்தச் சில வாரங்களை, அதாவது மாசிக் கடைசியிலிருந்து பங்குனி முடியும் வரையிலான நாள்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கடல் குளத்தைப் போல அலையடங்கிக் கிடக்கும். புங்கமரம் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுப் பளபளவென்று தளிர்த்து நிற்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த முண்டு மிளகாய் பழுத்து, களமெல்லாம் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருக்கும். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிளகாயைப் பறித்துக் காய வைக்கும் குடும்பங்களுக்கு, வசந்தம் என்பது தும்மலோடுதான் வருகிறது.

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பனையேறிகளிடம் கேட்டுப் பாருங்கள். காலையும் மாலையும் மரமேறி, பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவி, பதநீர் புளிக்காமல் இருக்க உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறவருக்கு, இந்த ஆண்டின் வசந்தம் எந்த நாளில் தொடங்கியது என்பது நன்றாகத் தெரியும். முதல் பதநீர் சொட்டிய நாளை அவர் மறப்பதில்லை. பூங்காவையும் மலர்ப்படுகையையும் தேடினால் நமக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். செடியிலோ மரத்திலோ கை வைத்து வேலை செய்கிறவர்களின் வசந்தம் நம்முடையது.

கேள்வி: நான் வணிகவியல் பட்டதாரி. மல்லிகை நாற்றங்காலில் குச்சி நறுக்கி ஊன்றுவதும், களையெடுப்பதும், நாற்றுக் கட்டுவதும் என் வேலை. "படித்துவிட்டு மண்ணைக் கிளறுகிறாள்" என்று உறவினர்கள் பேசுகிறார்கள். எனக்கோ பங்குனி மாதம் வந்துவிட்டால் தோட்டத்தை விட்டு வீடு திரும்பவே மனம் வருவதில்லை. செய்கிற வேலையின் மீது இத்தனை ஆசை வைப்பது அசட்டுத்தனமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அசட்டுத்தனம் இல்லை. மதுரை மல்லி என்று ஊரெல்லாம் கொண்டாடுகிறார்களே, அந்தத் தோட்டங்களுக்கான நாற்று பெரும்பாலும் உங்கள் ஊர் மணலில் வேர் பிடித்துப் போவதுதான் என்பதை உறவினர்களுக்கு ஒருமுறை சொல்லுங்கள். விவசாயிகள் 'ராமநாதபுரம் குண்டுமல்லி' என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் அந்தச் செடிக்கு, தண்ணீர் தேங்காத உங்கள் மணல்தான் தொட்டில். மணலுக்கு அடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அளவாக இறைத்தால் நல்ல தண்ணீர் கிடைக்கும். அவசரப்பட்டு இறைத்தால் உவர் ஏறிவிடும், மல்லிகைக்கு உவர் ஆகாது. இந்த அளவை அறிந்து இறைக்கிற கையை, மண்ணைக் கிளறுகிற கை என்று சொல்வது அறியாமை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். இளம் வயதில் முதன்முதலாக முப்பது மல்லிகைச் செடிகளை வளர்த்தபோது, கார்த்திகையில் கவாத்து செய்யும்படி பெரியவர் ஒருவர் சொன்னார். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டு என்றார். நன்றாகத் தழைத்து நின்ற செடியை மொட்டையடிக்க எனக்கு மனம் வரவில்லை. பாதிச் செடிகளை மட்டும் அரைமனத்தோடு வெட்டிவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிட்டேன். பங்குனியில் வெட்டிய செடிகளில் புதுக்கிளைகள் விட்டு, ஒவ்வொரு கிளை நுனியிலும் கொத்துக் கொத்தாக மொட்டு வைத்தது. வெட்டாமல் விட்டவற்றில் இலைதான் இருந்தது, பூ தேடித் தேடிப் பறிக்க வேண்டியிருந்தது. மல்லிகை புதுக்கிளையில்தான் பூக்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். வேலை பிடித்துப்போவதும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் ஆசை வந்து பிறகு வேலை வருவதில்லை. இன்று மாலை விரியப்போகும் மொட்டு பருத்து வெளுத்திருக்கும், பச்சை கலந்திருந்தால் நாளைக்குத்தான் என்று விடியற்காலையின் அரைவெளிச்சத்தில் விரல் தானாகப் பிரித்தறியத் தொடங்கும் நாளில், ஆசை எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது தெரியவரும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிடித்துச் செய்கிறவர் என்று தெரிந்தால் கூலியைக் குறைத்துக் கொடுக்கிறவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். நீங்கள் வணிகவியல் படித்தவர். ஆயிரம் நாற்றுக்குக் குச்சி, ஆள்கூலி, தண்ணீர், பட்டுப்போகும் நாற்று எல்லாம் சேர்த்து என்ன செலவாகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளும், உங்கள் பகுதியில் பல வீடுகளில் பெண்களின் வருமானத்தில்தான் அடுப்பு எரிகிறது. அந்தக் கணக்கு நோட்டு ஒருநாள் உங்கள் சொந்த நாற்றங்காலுக்கு முதலாக மாறலாம். உறவினர்களுக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

கேள்வி: வருடப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூவை எப்போது சேகரிக்க வேண்டும்? கொம்பை ஒடிக்கலாமா?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: ஒடிக்க வேண்டாம். முதல் நாள் இரவே மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டி ஒன்றை விரித்து வையுங்கள். விடிந்ததும் உதிர்ந்து கிடப்பதை அள்ளி, காம்பும் தூசும் போகப் புடைத்துக் காய வைத்தால் ரசத்துக்கும் ஆண்டு முழுவதும் ஆகும். வேப்பம்பூ வாசத்தோடு மரத்தடியில் குனிந்து நிற்கும் அந்தக் கால்மணி நேரம் உங்களுக்குக் கூடுதல் லாபம்.

கேள்வி: மாடியில் தொட்டி மல்லிகை வைத்திருக்கிறேன். இந்தப் பங்குனியில் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. விற்றவர் சொன்னபடி உரத்தை இரண்டு மடங்கு போட்டும் மாறவில்லை. ஓய்வுபெற்ற பிறகு எனக்கு இருக்கும் ஒரே சந்தோஷம் இந்தச் செடிகள்தாம்.
– வாசகர், மண்டபம்

பதில்: உரத்தை நிறுத்துங்கள், குறை அதில் இல்லை. நம் கரை மணலில் சிப்பியும் பவளத் துண்டும் பொடிந்து சுண்ணாம்புச் சத்து மிகுந்திருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் இரும்புச் சத்துள்ள உப்பான அன்னபேதியைக் கேட்டு வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளின் மேல் தெளியுங்கள். மஞ்சள் மாறும் வரை மாதம் ஒருமுறை தெளித்தால் போதும். சட்டையில் பட்டால் துருக்கறை போகாது, ஆகையால் பழைய சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முற்றி வெளுத்த இலையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அடுத்து வரும் தளிரின் நிறத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.